லொத், செலே பள்ளத்தாக்குகளில் கிராவல் சைக்கிள்: காஓரிலிருந்து காஓர் வரை நான்கு நாள் வழிகாட்டி

தென்மேற்குப் பிரான்ஸில் லொத் ஆறும் அதன் துணையாறான செலேயும் சுண்ணாம்புக்கல் மேட்டுநிலத்தை ஆழமாக அறுத்துக்கொண்டு ஓடுகின்றன. சைக்கிளோடு அங்கே போகும் பலர் ஆற்றோரச் சாலையிலேயே போய், ஆற்றோரச் சாலையிலேயே திரும்பிவிடுகிறார்கள். சாலைச் சைக்கிளுக்கு அது பொருந்தும். கிராவல் சைக்கிளை, அதாவது சரளைப் பாதைக்கென்று அகலமான டயர் போட்ட சைக்கிளை, எடுத்துக்கொண்டு போகிறவர் அப்படிச் செய்தால் நல்ல டயரை வீணடிக்கிறார் என்றுதான் சொல்வேன். இங்கே நல்ல சரளைப் பாதைகள் இருப்பது ஆற்றங்கரையில் அல்ல. தலைக்கு மேலே தெரியும் பாறை விளிம்பைத் தாண்டி, மேட்டில்.

அந்த மேட்டுநிலத்தை உள்ளூரில் 'கோஸ்' என்கிறார்கள். லொத்துக்குத் தெற்கே லிமோஞ் கோஸ், செலேக்கு வடக்கே க்ரமா கோஸ். பள்ளத்தாக்கின் அடியில் சாலை, பழைய ரயில் பாதை, வயல், ஆறு என்று எல்லாம் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. சில இடங்களில் சாலைக்கே இடமில்லாமல் பாறையைக் குடைந்திருக்கிறார்கள். மேலேயோ குட்டையான ஓக் மரக்காடுகள், ஆட்டு மேய்ச்சல் நிலங்கள், இரண்டு பக்கமும் கல்லடுக்குச் சுவர் வைத்த வெள்ளைப் பாதைகள் என்று கிலோமீட்டர் கணக்கில் விரிந்து கிடக்கின்றன.

ஆகவே விதி ஒன்றுதான்: காலையில் ஏறுங்கள், பகலில் மேட்டில் ஓட்டுங்கள், மாலையில் ஆற்றுக்கு இறங்குங்கள். உணவும் தண்ணீரும் படுக்கையும் பெரும்பாலும் கீழேதான் கிடைக்கும். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த விதியின்மேல்தான் நிற்கிறது. சுற்று ஏறத்தாழ 200 கி.மீ. தூரம் குறைவாகத் தோன்றினாலும் நாளொன்றுக்கு இரண்டு மூன்று தடவையாவது 150 முதல் 250 மீட்டர் வரை ஏற வேண்டிவரும் என்பதை மறக்க வேண்டாம்.

முதலில் தண்ணீரைப் புரிந்துகொள்ளுங்கள்

கோஸ் நிலம் மழை குறைந்த நிலமல்ல. மழை நன்றாகவே பெய்கிறது. ஆனால் ஜுராசிக் காலத்துச் சுண்ணாம்புக்கல் சல்லடைபோல் அதைக் கீழே விட்டுவிடுகிறது. மேலே ஓடை இல்லை, ஊற்று அரிது. தரைக்கடியில் ஆறுகளே ஓடுகின்றன. அவை பள்ளத்தாக்கின் அடியில்தான் வெளியே வருகின்றன. காஓர் நகரத்தின் வலாந்த்ரே பாலத்துக்கு எதிர்க்கரையில் பொங்கும் ஷார்த்ரோ ஊற்று அப்படிப்பட்டது. ரோமானியர் காலத்தில் அதை வழிபட்டார்கள்; இன்றும் நகரத்தின் குடிநீர் அங்கிருந்துதான் வருகிறது.

சைக்கிள்காரருக்கு இதன் பொருள்: ஏறும் முன் குறைந்தது இரண்டு லிட்டர், கோடையில் மூன்று லிட்டர். மேட்டில் தீர்ந்துபோனால் தேட வேண்டிய இடம் கடை அல்ல, கல்லறைத் தோட்டம். பிரான்ஸில் சிற்றூர்க் கல்லறைகளில் பூச்செடிக்கு ஊற்றுவதற்காகப் பெரும்பாலும் ஒரு குழாய் இருக்கும். நெடுந்தூரச் சைக்கிள்காரர்கள் எல்லோரும் அதை நம்பித்தான் ஓட்டுகிறார்கள். குழாயருகே 'ஓ நோன் போதாப்ல்' என்ற பலகை இருந்தால் அது குடிக்க உகந்ததல்ல. 'ஓ போதாப்ல்' என்றிருந்தால் தயங்காமல் நிரப்பலாம். பலகையே இல்லையென்றால் அருகிலுள்ள வீட்டில் கேளுங்கள். கேட்பதற்கு முன் 'போன்ஷூர்' சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் நேராகக் கேள்வியில் இறங்குவதை அந்த நாட்டில் முரட்டுத்தனமாக எடுத்துக்கொள்வார்கள். சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

எந்த மாதம், எந்தக் கிழமை

ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடுப்பகுதி வரை, பிறகு செப்டம்பர், அக்டோபர். ஜூலை, ஆகஸ்டில் 35 டிகிரியைத் தாண்டும் நாட்கள் உண்டு. ஓக் மரங்கள் குட்டை என்பதால் பாதையில் நிழல் அதிகம் விழாது. சேன்-சிர்க்-லபோபி போன்ற ஊர்களில் அந்த இரண்டு மாதங்களும் நிற்க இடமிருக்காது. இளவேனிலில் இன்னொரு ஆதாயமும் உண்டு: ஜூன் மாதத்தில் இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும், வழி தவறினாலும் பதற்றமில்லை.

இலையுதிர் காலத்தில் போகிறவர்கள் வேட்டையைக் கணக்கில் எடுக்க வேண்டும். செப்டம்பரிலிருந்து குளிர்கால இறுதி வரை காட்டுப்பன்றி வேட்டை நடக்கும். 'ஷாஸ் ஆன் கூர்' என்ற பலகையைப் பார்த்தால் வேட்டை நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். வார இறுதியில் அதிகம். பளிச்சென்ற ஆரஞ்சு மேலாடை போடுங்கள், பலகை வைத்த பாதையைத் தவிர்த்துச் சாலையில் சுற்றிப்போங்கள். வாக்குவாதம் வேண்டாம்.

மாதத்தைவிடக் கிழமையைத்தான் நான் முக்கியமாகச் சொல்வேன். பிரெஞ்சு கிராமப்புறத்தில் ஞாயிறு பிற்பகலும் திங்கட்கிழமையும் கடைகள் மூடிக்கிடக்கும். மற்ற நாட்களிலும் பன்னிரண்டரையிலிருந்து மூன்றரை, நான்கு மணி வரை கதவைச் சாத்திவிடுவார்கள். பயணத்தை வியாழக்கிழமை தொடங்குங்கள். புதன் காலை காஓர் பேராலயத்தின் முன் சந்தை கூடுகிறது; முந்தைய நாளே வந்து சேர்ந்தால் அங்கேயே பையை நிரப்பலாம். சனிக்கிழமை காலை ஃபிஜாக் சந்தை, ஞாயிறு காலை லிமோஞ் சந்தை. வியாழன் கிளம்பியவர் இந்த இரண்டையும் சரியான நேரத்தில் தொடுவார். திங்கள் கிளம்பியவர் பிஸ்கட் தின்றுகொண்டு ஓட்டுவார்.

போய்ச் சேருவது

பாரிஸின் ஓஸ்தர்லிட்ஸ் நிலையத்திலிருந்து லிமோஜ் வழியாகத் துலூஸ் போகும் நெடுந்தூர ரயில் காஓரில் நிற்கிறது. ஐந்தரை மணி நேரம் ஆகலாம். சைக்கிளைப் பிரிக்காமல் ஏற்ற வேண்டுமென்றால் பயணச்சீட்டு எடுக்கும்போதே சைக்கிளுக்கும் தனியாக இடம் பதிவு செய்ய வேண்டும். கட்டணம் அதிகமில்லை, இடங்கள்தான் மிகக் குறைவு, சீக்கிரம் தீர்ந்துவிடும். தீர்ந்துவிட்டால் சக்கரங்களைக் கழற்றி உறைக்குள் வைத்து, சாதாரணப் பெட்டியைப்போல் எடுத்துச் செல்லலாம். விமானத்தில் வருகிறவர்களுக்குத் துலூஸ்தான் வசதி. அங்கிருந்து காஓருக்கு வட்டார ரயிலில் ஒன்றேகால், ஒன்றரை மணி நேரம். வட்டார ரயிலில் சைக்கிளை ஏற்றும் விதிகள் பருவத்துக்குப் பருவம் மாறும், கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

சைக்கிள், டயர், பற்சக்கரம்

டயர் அகலம் 40 மி.மீ.க்குக் குறைய வேண்டாம்; 45 இருந்தால் நிம்மதி. மேட்டில் மூன்று விதமான தரை வரும். ஒன்று, நொறுக்கிய சுண்ணாம்புக்கல் பரப்பிய வெள்ளைப் பாதை: சுகமோ சுகம், 32 மி.மீ. டயரே போதும் என்று தோன்றும். இரண்டாவது, இரு சுவர்களுக்கு நடுவே கைப்பிடி அளவுக் கற்கள் உருண்டு கிடக்கும் பழைய ஆட்டுவழி. 32 மி.மீ. போதும் என்ற எண்ணம் இங்கே கலைந்துவிடும். மூன்றாவது, பள்ளமான இடங்களில் சேரும் செம்மண் களி. மழைக்குப் பின் அது சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே அப்பி, சக்கரம் சுற்றவே விடாது. அதனால் டயருக்கும் சட்டத்துக்கும் இடைவெளி இருக்கிற சைக்கிளாகப் பாருங்கள்.

டியூப் இல்லாத டயரே சரி. இந்தச் சுண்ணாம்புக்கல் உடையும் இடத்தில் கூர்மையாக உடையும். டியூப் போட்டால் விளிம்பில் இடிபட்டு இரட்டைத் துளை விழுவது சகஜம். 70 கிலோ எடையுள்ளவர் 45 மி.மீ. டயரில் 30 முதல் 35 பி.எஸ்.ஐ. காற்றோடு தொடங்கி, கை சொல்வதைக் கேட்டுக் கூட்டிக் குறைக்கலாம். பின்னால் இரண்டு பி.எஸ்.ஐ. கூடுதல் வையுங்கள். அடைப்புத் திரவத்தைக் கிளம்பும் முன் புதுப்பித்து, துளை அடைக்கும் பட்டைகள், உதிரி டியூப் ஒன்று, கிழிசலுக்கு உள்ளே ஒட்ட ஒரு டயர்த் துண்டு ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். காஓரையும் ஃபிஜாக்கையும் விட்டால் நடுவில் சைக்கிள் கடையை எதிர்பார்க்க முடியாது.

பற்சக்கர விகிதம் ஒன்றுக்கு ஒன்று, அல்லது அதைவிட இலகுவாக. முன்னால் 40 பல், பின்னால் 42 பல் என்பது குறைந்தபட்சம். பைகளோடு போகிறவர் முன்னால் 34 அல்லது 36 போட்டால் பின்னால் வருத்தப்பட மாட்டார். பள்ளத்தாக்கிலிருந்து மேட்டுக்கு ஏறும் சாலைகள் நீளமில்லை, ஆனால் சில இடங்களில் பத்து சதவீதத்தைத் தாண்டும்.

வரைபடமும் குறிகளும்

பிரெஞ்சு நிலவரைபட நிறுவனமான ஐ.ஜெ.என். வெளியிடும் 1:25,000 வரைபடம்தான் அடிப்படை; தொலைபேசியில் இணையம் இல்லாமல் பார்க்கும்படி முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆழமான பள்ளத்தாக்கில் அலைபேசித் தொடர்பு அறுந்து அறுந்து வரும். கைபேசிச் செயலிகள் தாமாகப் போட்டுத் தரும் 'கிராவல் வழி'யை அப்படியே நம்புவது இங்கே ஆபத்து. வரைபடத்தில் ஒரே மாதிரிக் கோடாகத் தெரியும் இரண்டு பாதைகளில் ஒன்று வெள்ளைச் சரளையாகவும் மற்றொன்று பாறைப் படிக்கட்டாகவும் இருக்கும். விமானப் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: வெள்ளையாக, ஒரே அகலத்தில் தெரிந்தால் ஓட்டலாம். மரங்களுக்குள் மறைந்துபோனால் சந்தேகம். மேட்டின் விளிம்பிலிருந்து ஆற்றை நோக்கி நேராக விழும் கோடு என்றால் சந்தேகமே வேண்டாம், தூக்கிக்கொண்டுதான் இறங்க வேண்டிவரும். என் பரிந்துரை: ஏற்றமும் இறக்கமும் தார்ச்சாலையில், நடுவில் சரளை.

மரத்திலும் கல்லிலும் தீட்டிய கோடுகள் உதவும். வெள்ளையும் சிவப்பும் சேர்ந்தால் நெடுந்தூர நடைபாதை. மஞ்சள் மட்டும் என்றால் உள்ளூர்ச் சுற்று. பெருக்கல் குறி என்றால் அந்தத் திசை தவறு. இந்தச் சுற்றில் மூன்று நெடும்பாதைகளைத் தொடுவோம்: காஓருக்கும் சேன்-சிர்க்குக்கும் நடுவே ஜி.ஆர். 36, செலே ஓரமாக ஜி.ஆர். 651, ஃபிஜாக்கிலிருந்து காஓர் வரை ஜி.ஆர். 65. கடைசி இரண்டும் ஸ்பெயினின் சந்தியாகோ தெ கொம்போஸ்தெலாவுக்கு யாத்திரிகர்கள் நடக்கும் வழிகள். உள்ளூர்த் தடை இல்லாத இடங்களில் சைக்கிளுக்கு அனுமதி உண்டு, ஆனால் நடப்பவருக்கே முதல் உரிமை. பின்னாலிருந்து மணியடித்து ஓரம் கட்டச் சொல்வது அழகல்ல. வேகத்தைக் குறைத்து, குரல் கொடுத்து, தேவையானால் இறங்கித் தாண்டுங்கள். மேய்ச்சல் நிலத்தின் வாயிற்கதவைத் திறந்தால் மூடிவிட்டுப் போங்கள்.

நாள் 1: காஓர் – சேன்-சிர்க்-லபோபி – கப்ரரே (சுமார் 45 கி.மீ.)

காஓர் நகரம் லொத்தின் ஒரு வளைவுக்குள் மூன்று பக்கமும் நீர் சூழ இருக்கிறது. கிளம்பும் முன் வலாந்த்ரே பாலத்தைப் பார்த்துவிடுங்கள். 1308-இல் தொடங்கிய வேலை, மூன்று கோபுரங்களோடு அப்படியே நிற்கிறது. வேலை முடியாமல் இழுத்ததால் கொத்தனார் பிசாசோடு ஒப்பந்தம் போட்டார், கடைசியில் அதை ஏமாற்றிவிட்டார், கோபம்கொண்ட பிசாசு நடுக் கோபுரத்திலிருந்து ஒரு கல்லை மட்டும் நிற்கவிடாமல் பிடுங்கிக்கொண்டே இருந்தது என்பது ஊர்க்கதை. 1879-இல் பழுதுபார்த்த கட்டடக்கலைஞர் போல் கூ அந்த மூலையில் ஒரு குட்டிப் பிசாசைச் செதுக்கி வைத்தார். தலையைத் தூக்கித் தேடினால் தெரியும்.

நகரத்தைவிட்டுத் தென்கரை வழியாக ஆர்காம்பல் போய், அங்கிருந்து சாலையில் ஏறுங்கள். மேலே சேர்ந்ததும் எஸ்க்லோஸெல் பக்கமாகக் கிழக்கே பாதைகள் பிரிகின்றன. இதுதான் லிமோஞ் கோஸுடன் முதல் அறிமுகம். கல்லடுக்குச் சுவர்களுக்கு நடுவே வட்டமான கல் குடிசைகள் தென்படும். சாந்து இல்லாமல், கூரையும் கல்லாலேயே அடுக்கியவை, ஆட்டிடையர்களுக்காகக் கட்டியவை. ஆடுகளும் இந்த ஊருக்கே உரியவை: வெள்ளை முகத்தில் கண்ணைச் சுற்றிக் கருவளையம், மூக்குக்கண்ணாடி போட்டதுபோல் நின்று பார்க்கும்.

சேன்-சிர்க்-லபோபிக்கு மேலிருந்து இறங்குவதில்தான் அந்த ஊரின் முழு உருவமும் கிடைக்கும். ஆற்றுக்கு மேலே ஏறத்தாழ 100 மீட்டர் உயரத்தில், பாறை விளிம்பில் தொங்கும் வீடுகள். 2012-இல் பிரெஞ்சுத் தொலைக்காட்சி நேயர்கள் தங்களுக்கு மிகப் பிடித்த கிராமமாக இதைத் தேர்ந்தெடுத்தார்கள். அதன் விளைவைக் கோடையில் போனால் உணரலாம். சர்ரியலிசக் கவிஞர் ஆந்த்ரே பிரெத்தோன் 1950-களில் இங்கே வீடு வாங்கி, கோடைதோறும் தங்கினார். தெருக்கள் கற்பாவியவை, செங்குத்தானவை. சைக்கிளை மேலேயே நிறுத்திவிட்டு நடந்து பாருங்கள்.

பிறகு ஆற்றுக்கு இறங்கினால் பூஸியேஸ் பக்கமாக ஒரு படகிழுபாதை இருக்கிறது. 1840-களில், சரக்குப் படகுகளைக் கரையிலிருந்து கயிறு கட்டி இழுப்பதற்காகச் செங்குத்துப் பாறையின் அடியில் குடைந்தார்கள். தலைக்கு மேல் பாறை, ஒரு கைப்பிடி தூரத்தில் நீர். ஆள் நடமாட்டம் அதிகம், கைப்பிடிச் சுவர் கிடையாது. அதனால் குடைந்த பகுதியில் இறங்கித் தள்ளிக்கொண்டே போங்கள். பாறை சரியும் அபாயத்தால் மூடியிருந்தால் எச்சரிக்கைப் பலகையைத் தாண்ட வேண்டாம். சாலை வழியாகவே போகலாம். பூஸியேஸில் குறுகிய தொங்குபாலத்தைக் கடந்ததும் செலே லொத்தோடு கலக்கும் இடம் அருகில்தான். அங்கிருந்து செலே ஓரமாகக் கப்ரரே வரை சில கிலோமீட்டர், தட்டைச் சாலை. இரவு அங்கேயே.

நாள் 2: கப்ரரே – மார்சியாக் – ஃபிஜாக் (சுமார் 60 கி.மீ.)

காலையில் தொல்பழங்கால ஓவியங்கள் உள்ள பெஷ் மெர்ல் குகைக்கு முதல் நுழைவிலேயே இடம் பதிவு செய்துகொள்ளுங்கள். நாளொன்றுக்கு 700 பேருக்குமேல் விடுவதில்லை. பருவகாலத்தில் முன்பதிவு இல்லாமல் போவது வீண். 1922-இல் ஆந்த்ரே தவீத், அவர் தங்கை மார்த், நண்பர் ஆன்ரி துதேர்த்ர் என்ற மூன்று பதின்ம வயதினர் தவழ்ந்து உள்ளே போய் ஓவியங்களைக் கண்டுபிடித்தார்கள். புள்ளிக் குதிரைகள் ஏறத்தாழ 29,000 ஆண்டுப் பழமையானவை. இதேபோல் ஓவியங்களுக்குப் புகழ்பெற்ற லஸ்கோ குகையில் பார்க்கக் கிடைப்பது நகல். இங்கே உண்மையான சுவரையே பார்க்கலாம். ஒரு குதிரையின் தலை, பாறையே இயற்கையாகக் குதிரைத் தலை வடிவில் நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் அமைந்திருப்பதைக் கவனியுங்கள். வெளியே எவ்வளவு வெயிலானாலும் உள்ளே 12 டிகிரிதான். வியர்த்த சட்டையோடு போகிறவர் மேல்சட்டை ஒன்று வைத்திருக்க வேண்டும்.

குகை முடிந்ததும் வடக்கே ஏறி, ஓர்னியாக், ப்லார் ஊர்கள் வழியாகக் க்ரமா கோஸின் தென்விளிம்பில் ஓட்டுங்கள். ஆள் அரவமற்ற பகுதி. கடை கிடையாது. இந்தச் சுற்றின் மிகச் சிறந்த சரளை ஓட்டம் இங்கேயும் நான்காம் நாளிலும்தான் இருக்கிறது. மதியத்துக்கு மார்சியாக்குக்கு இறங்குங்கள். சிதைந்த மடாலயத்தின் வளைவுகள் கூரையில்லாமல் வானத்தைப் பார்த்து நிற்கின்றன. வடக்கே புகழ்பெற்ற ரொக்காமதூர் திருத்தலம் ஒருகாலத்தில் இந்த மடத்தின் உடைமையாக இருந்தது. தூல் நகரத்து மடத்தாரோடு நீண்ட வழக்கு நடத்தி அதை இழந்தார்கள். இன்று இங்கே ஒரு அமைதியான ஊர். அங்கே பேருந்துக் கூட்டம். யார் இழந்தார்கள் என்பது அவரவர் பார்வை.

பிற்பகலில் விதியைக் கொஞ்சம் தளர்த்தலாம். மார்சியாக்குக்கு மேல் செலே ஓரச் சாலை போக்குவரத்துக் குறைந்தது, இருபுறமும் பாறைச் சுவர், அதன் இடுக்குகளில் இங்கிலாந்தும் பிரான்ஸும் மோதிய நூறாண்டுப் போரின்போது ஊர்மக்கள் ஒளிந்த குகைக்கோட்டைகள். 'ஆங்கிலேயர் கோட்டை' என்று இன்றும் அவற்றைச் சொல்கிறார்கள். ப்ராங்க் தாண்டி எஸ்பான்யாக்-சேன்ட்-உலாலியில் நிறுத்துங்கள்: மரச்சட்டமும் செங்கல்லும் சேர்த்துக் கட்டிய விசித்திரமான மணிக்கூண்டு. ஃபிஜாக்கை நெருங்க நெருங்கப் பள்ளத்தாக்கு அகலமாகிறது, சாலையில் வண்டிகளும் கூடுகின்றன. கடைசிப் பகுதிக்கு மாற்றுத் தடம் தேடிக் களைப்பதைவிட, வேகமாக ஓட்டி முடிப்பது மேல்.

நாள் 3: ஃபிஜாக் – கஜார்க் (சுமார் 35 கி.மீ.)

வேண்டுமென்றே குறைத்து வைத்த நாள். சனிக்கிழமை காலை ஃபிஜாக் சந்தை, பிறகு அருங்காட்சியகம். எகிப்திய எழுத்தின் புதிரை 1822-இல் அவிழ்த்த ஷாம்போலியோன் 1790-இல் இங்கே பிறந்தவர். அவர் பிறந்த வீட்டையும் அடுத்த வீடுகளையும் சேர்த்து உலக எழுத்துகளுக்கான அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள். பின்புறச் சதுக்கத்தில் தரை முழுவதும், அந்தப் புதிரை அவிழ்க்க உதவிய ரொசெட்டா கல்லின் பெரிய நகல், 1991-இல் அமெரிக்கக் கலைஞர் ஜோசப் கோசுத் செய்தது. அதன்மேல் நடந்தே போகலாம். எழுத்தோடு உறவுள்ளவர் இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஒதுக்கக் கூடாது.

மதியத்துக்குப் பின் ஃபேசெல் ஏற்றம். அங்கிருந்து கஜார்க் வரையிலான யாத்திரைப் பாதைப் பகுதி 1998-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த சந்தியாகோ வழிகளுக்குள் வருகிறது. பெதுயேர் தாண்டிக் க்ரெயாலூ பக்கம் பாதை திறந்த மேட்டில் போகிறது. வழியோரத்தில் பெஷ்-லக்லேர் கற்திட்டை (பெருங்கற்களால் ஆன தொல்பழங்காலக் கல்லறை), யாத்திரிகர்களுக்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் முன்பே அங்கிருந்தது. கஜார்க் இறக்கத்தில் நடைபாதை கல்லும் வேருமாக விழுகிறது, சாலையில் இறங்குங்கள். கஜார்க்கில் பிறந்தவர் எழுத்தாளர் ஃபிரான்சுவாஸ் சகான். குடியரசுத் தலைவராக இருந்த ஜார்ஜ் பொம்பிதூவுக்கும் அருகே ஒரு வீடு இருந்தது. ஊரைச் சுற்றி இன்று குங்குமப்பூ பயிராகிறது. அக்டோபரில் போனால் பூப்பறிப்பதைப் பார்க்கலாம்.

யாத்திரைப் பாதை என்பதால் தங்குமிடங்கள் மலிவு: பலர் சேர்ந்து படுக்கும் அறை, நீளமேசையில் எல்லோரும் சேர்ந்து இரவுச் சாப்பாடு. மே, செப்டம்பரில் நிரம்பிவிடும், இரண்டு நாள் முன்பாவது தொலைபேசியில் சொல்லிவையுங்கள்.

நாள் 4: கஜார்க் – லிமோஞ் – காஓர் (சுமார் 65 கி.மீ.)

சீக்கிரம் கிளம்புங்கள். லொத்தைக் கடந்து தெற்கே ஏறினால், ஞாயிறு சந்தை களைகட்டும் நேரத்தில் லிமோஞ் வந்துவிடும். இங்கே இரண்டு வேளைக்கு வாங்கிக்கொள்ளுங்கள், காஓர் வரை வேறு நம்பிக்கை வேண்டாம். குளிர்காலத்தில் இந்த வட்டாரம் கறுப்பு ட்ரஃபிள் காளானுக்குப் பெயர்போனது. அருகிலுள்ள லல்பாங்கில் டிசம்பர் முதல் மார்ச் வரை செவ்வாய்தோறும் பிற்பகலில் தெருவோடு பெஞ்சு போட்டு விற்கிறார்கள். காட்டில் வேலி போட்ட ஓக் தோப்பைப் பார்த்தால் அதன் வேரில்தான் பணம் இருக்கிறது, உள்ளே கால்வைக்காதீர்கள்.

லிமோஞுக்கும் வரேருக்கும் நடுவே பழைய துணி துவைக்கும் தொட்டிகளைக் கவனியுங்கள். இரண்டு சாய்ந்த கல் பலகைகள் எதிரெதிராக, வண்ணத்துப்பூச்சியின் சிறகுபோல் விரிந்திருக்கும். தண்ணீர் எங்கே தேங்குகிறதோ அங்கே அதை விடாமல் பிடித்துவைத்த நிலத்தின் வேலை அது.

வரேர் தாண்டியதும் தடம் மாறிவிடுகிறது. ரோமானியச் சாலையின் மேல் யாத்திரைப் பாதை போகிறது: நேர், அகலம், ஓக் மரங்களுக்கு நடுவே கண்ணுக்கெட்டும்வரை வெள்ளை. காஓர் வரை உள்ள கடைசி 26 கி.மீ.யும் யுனெஸ்கோ பட்டியலில் உள்ள பகுதி. ஆளற்ற இந்த நேர்கோட்டில் தலையைக் குனிந்து வேகமெடுக்கத் தோன்றும், எடுங்கள். நடப்பவர்களை நூறு மீட்டர் முன்பே பார்த்துவிடலாம். மழைக்குப் பின் குறுக்கே வரும் தாழ்ந்த இடங்களில் மட்டும் செம்மண் களி காத்திருக்கும். இறுதியில் காஓர் நகரம் காலடியில் தெரிய, பாதை செங்குத்தாக லூயி-ஃபிலிப் பாலத்துக்கு விழுகிறது. பைகள் கனமாக இருந்தால் அந்த இறக்கத்தில் தள்ளிக்கொண்டே வாருங்கள்.

ஞாயிறு மாலை ரயில்களில் சைக்கிள் இடம் கிடைப்பது கடினம். ஒரு இரவு தங்கித் திங்கள் காலை கிளம்புவது நல்லது. மால்பெக் திராட்சையிலிருந்து வரும் காஓரின் கருஞ்சிவப்பு மதுவைச் சுவைக்க நினைப்பவர்களுக்கும் அதுவே சரி. பிரான்ஸில் சைக்கிள் ஓட்டுபவருக்கும் குடிபோதைச் சட்டம் உண்டு.

சைவ உணவுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை

இது வாத்து நாடு. கல்லீரல், கால், கொழுப்பு எல்லாமே வாத்து; உருளைக்கிழங்கைக்கூட வாத்துக் கொழுப்பில்தான் பெரும்பாலும் வறுப்பார்கள். 'சான் வியாந்த்' என்று இறைச்சி வேண்டாம் எனச் சொன்னால் மட்டும் போதாது, 'சான் க்ரேஸ் த கனார்' என்று கொழுப்பையும் விலக்கச் சொல்லுங்கள். நம்பிக்கையான உணவு: சூடாக்கிய ரொக்காமதூர் ஆட்டுப்பால் சீஸ் வட்டுகளும் வால்நட் பருப்பும் போட்ட சாலட். முட்டை சாப்பிடுபவர்களுக்கு ஆம்லெட். சமையலறை இரண்டு மணிக்கு மூடும். ஒன்றரைக்குள் உட்கார்ந்துவிட வேண்டும். பாரிஸ் வழியாக வருகிறவர்கள் லா ஷபெல் தமிழ்க் கடைகளில் புளிக்காய்ச்சல் ஒரு பொட்டலம் வாங்கி வைத்தால், சமைக்க வசதியுள்ள தங்குமிடத்தில் ஓர் இரவு தப்பலாம்.

சட்டமும் அவசரமும்

இரவிலோ மூடுபனியிலோ ஊருக்கு வெளியே ஓட்டினால் ஒளிரும் மேலாடை கட்டாயம். முன்னும் பின்னும் விளக்கு, மணி வேண்டும். காதில் ஒலிக்கருவி வைத்து ஓட்டக் கூடாது. அவசர எண் 112. உயரமான புல்லில் உட்கார்ந்தால் இரவில் உண்ணி இருக்கிறதா என்று முழங்கால் மடிப்பையும் இடுப்பையும் பாருங்கள். ஓட்டம் முழுவதும் ஆட்டு மேய்ச்சல் வழியாகத்தான்.

இன்னும் இரண்டு நாள் இருந்தால், அல்லது ஏற்றமே வேண்டாமென்றால்

ஃபிஜாக்கிலிருந்து தெற்கே திரும்பாமல் வடமேற்கே அஸியே, லிவெர்னோன் வழியாகக் க்ரமா கோஸைக் குறுக்காக வெட்டலாம். லிவெர்னோன் அருகே பியேர்-மார்தீன் கற்திட்டையின் மூடுகல் ஒன்றே ஏழு மீட்டர் நீளம். ரொக்காமதூரில் பாறையோடு ஒட்டிய திருத்தலமும், 1889-இல் குகை ஆய்வாளர் மார்தெல் இறங்கிப் பார்த்த பதிராக் பாதாளமும் முடிவிடங்கள். பதிராக் வாய் 75 மீட்டர் ஆழம், அடியில் ஆறு ஓடுகிறது, படகில் கூட்டிப்போகிறார்கள். ஃபிஜாக், அஸியே, க்ரமா, ரொக்காமதூர் எல்லாம் ஒரே ரயில் பாதையில் இருப்பதால் எங்கே களைத்தாலும் ஏறிவிடலாம்.

ஏற்றம் பிடிக்காதவர்கள், சிறுவர்களோடு வருகிறவர்கள் கிழக்கே வரவே வேண்டாம். காஓருக்கு மேற்கே, லொத் கரோன் ஆற்றில் கலக்கும் எகியோன் வரை ஏறத்தாழ 160 கி.மீ. அடையாளமிட்ட சைக்கிள் வழி இருக்கிறது. பெரும்பாலும் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே, பெரும்பாலும் தட்டையாக. அதற்குக் கிராவல் டயர் தேவையில்லை.